விருந்தறை நெட்

உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் ஊரில் எங்கள் தெருவில் இனோயத் ஓபா வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வந்தவர்கள் எல்லாரும் அவளை வாயாரப் புகழ்வார்கள். அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்டால், அவள் புருஷன் காபில் ஒரு பதில் வைத்திருந்தார். "எனக்கும் அந்த வீட்டுக்கு ஒரு தடவை விருந்தாளியா போகணும்னு ஆசைதான்" என்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சில் அவசரம் கிடையாது.

ஓபா என்றால் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அந்த வீட்டில் தேநீரும் ரொட்டியும் நிச்சயம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே மாமியார் அவளிடம் சொல்லியிருந்தாள், நல்லது விருந்தாளிக்கு, மிச்சம் நமக்கு என்று. பட்டு ஆலையில் வேலை செய்த காலத்திலும், ஆலையை மூடிய பிறகும், மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்த பிறகும் இனோயத் அந்தச் சொல்லிலிருந்து இம்மியும் பிசகவில்லை. தேன் விருந்தாளிக்கு. உடையாத வாதுமைப் பருப்பு விருந்தாளிக்கு, உடைந்தது பேரப்பிள்ளைகளுக்கு. புதுப் பஞ்சு அடைத்த விரிப்புகள் விருந்தறையில் கூரை உயரத்துக்கு அடுக்கி இருக்கும். வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அப்பளமாகிப் போன விரிப்புகளில் பின்கட்டில் உட்காருவார்கள்.

தெருவைப் பார்த்த விருந்தறைதான் அந்த வீட்டின் முகம். அங்கே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் முழுக்க நிலைக்கண்ணாடி, நடுவே நீலமும் தங்கமுமாய்த் தேநீர்க் கெண்டிகள், கிண்ணங்கள். ஒன்றை வைத்தால் பின்னாலிருக்கும் கண்ணாடி இரண்டாகக் காட்டும் என்பதே அதன் பெருமை. சாவி இனோயத்தின் இடுப்பில். அறைக்குப் பின்னால் ஒரு முழம் கனமுள்ள பழைய மண்சுவர், அதைத் தாண்டித் திராட்சைப் பந்தல் போட்ட முற்றம், முற்றத்துக்கு அந்தப் பக்கம் சமையலறையும் படுக்கையறைகளும். விருந்தறையில் கிழவனும் கிழவியும் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வாசலுக்கு எதிரே உள்ள தலை இடத்தில் இனோயத் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் இணையம் வந்தது.

கடைக்குட்டி மகன் எல்யோர். எங்கள் பக்கம் கடைசிப் பையன் பெற்றவர்களோடுதான் இருப்பான், வீடும் அவனுக்குத்தான். அவன் மனைவி ஹுல்கார் கொரிய மொழி படித்தவள். கொரியாவுக்கு வேலைக்குப் போகத் துடிக்கிற பையன்களுக்குத் தாஷ்கந்தில் ஒரு பயிற்சி மையம் வகுப்பு நடத்தியது, அதில் அவள் வீட்டிலிருந்தே பாடம் எடுத்தாள். எடுத்தாள் என்று சொல்வது மரியாதைக்காக. பாதிப் பாடத்தில் படம் உறைந்துவிடும், மீதிப் பாடத்தில் குரல் அறுந்துவிடும். செல்போன் இணையத்தை நம்பி ஓட்டிய பிழைப்பு. ஒருநாள் மையத்தின் தலைவி நஸோகத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், லைன் சரியில்லை என்றால் தாஷ்கந்துக்கே வந்து வகுப்பறையில் பாடம் எடு என்று. எல்யோருக்கும் அங்கே மேசை நாற்காலிக் கடை ஒன்றில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது.

இனோயத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெண்கள் போவார்கள், அது விதித்தது. கடைக்குட்டி போனால் வீட்டில் விளக்கேற்ற யார் இருக்கிறார்கள்? தெரு என்ன சொல்லும்? தெருவை விடுங்கள், காலையில் மருமகள் முற்றம் பெருக்கும் சத்தம் இல்லாமல் எப்படி எழுந்திருப்பது? அவள் நேராக எல்யோரிடம் போய், ஊரிலேயே எந்த நெட் வேகமோ அதைப் போடு என்றாள். சின்னதெல்லாம் வேண்டாம், இருப்பதிலேயே பெரிசு.

வந்தது. தெருவில் முதல் கண்ணாடி இழை லைன். பொருத்த வந்த ஆள் வைஃபை பெட்டியை எங்கே வைக்கலாம் என்று கேட்டதற்கு இனோயத் சிரித்தே விட்டாள். வீட்டிலேயே சிறந்த பொருளை எங்கே வைப்பார்கள்? இரண்டு நீலத் தேநீர்க் கெண்டிகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கி, கீழே பின்னல் துணி விரித்து, பெட்டியை உட்கார வைத்து, வயர் போக இடம் விட்டுக் கண்ணாடிக் கதவைப் பூட்டினாள். பின்னாலிருந்த கண்ணாடியில் பெட்டி இரண்டாகத் தெரிந்தது. வந்தவன் அங்கேயே உட்கார்ந்து போனில் வேகம் பார்த்தான். பறக்கிறது என்றான். பிறகு புலாவ் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பின்கட்டில் ஹுல்காரின் அறையில் அது பறக்கவில்லை. தவழக்கூட இல்லை. ஒரு கோடு வரும், சுற்றும், போகும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்தக் கதை. இதில் வேடிக்கை, பக்கத்து வீட்டு சபோகத்தின் மிக மலிவான நெட் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் நன்றாக வந்தது. ஊரிலேயே வேகமான லைன் வைத்திருந்த வீட்டு மருமகள் மாட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கொரிய உயிரெழுத்து சொல்லிக் கொடுத்தாள். மாடு நடுநடுவே சேர்ந்து உச்சரித்தது. மாணவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தலைவிக்கு வரவில்லை.

எல்யோர் தன் பங்குக்கு எல்லாம் செய்தான். பெட்டியை அணைத்து ஏற்ற வேண்டும் என்றால் அம்மாவிடம் சாவி கேட்க வேண்டும், கிண்ணங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் கீழே வைக்க வேண்டும், பிறகு அதே ஒழுங்கில் திரும்ப அடுக்க வேண்டும். அணைத்தான், ஏற்றினான். கடவுச்சொல்லை மாற்றினான். பெட்டிக்குள் ஏதோ அலைவரிசையை மாற்றினான். மைக்ரோவேவ் அடுப்பைக் குற்றம் சொல்லி அதன் வயரைப் பிடுங்கினான். காபில் திராட்சைக் கொடியைக் காட்டி, இலை அதிகமானால் அலை எப்படி வரும் என்றார். கொடியைக் கழித்தார்கள். திராட்சைதான் குறைந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் காபில் தன் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னார். "கம்பெனிக்காரன் நம்ம மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்கான். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்துறான்."

எங்கள் ஊரில் மதிக்கிற ஆளுக்குக் கிண்ணத்தில் ஒரு வாய் தேநீர்தான் ஊற்றுவார்கள். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். ஹுல்காருக்குச் சிரிப்பு வந்தது. மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புகார் கொடுத்தார்கள், கம்பெனி ஆள் அனுப்பியது. வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றினான் இல்லையா? கழற்றியவன் விருந்தாளி. விருந்தாளியை எங்கே உட்கார வைப்பார்கள்? விருந்தறையில், தலை இடத்தில், அலமாரிக்கு நேரெதிரே. அங்கே உட்கார்ந்து அவன் வேகம் பார்த்தான். பறந்தது. குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு, பழத்தட்டை முடித்துவிட்டுப் போனான். மறுபடி புகார், மறுபடி வேறொரு ஆள், மறுபடி அதே தலை இடம், அதே பறத்தல். மூன்றாவதாக வந்தவர் நரைத்த மீசைக்காரர், கொஞ்சம் பிடிவாதக்காரர். எந்த அறையில் வரவில்லையோ அந்த அறையைக் காட்டுங்கள் என்று எழுந்தே விட்டார்.

இனோயத் அவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, நீங்க உட்காருங்க. பின்னாடி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு."

"எனக்கு ஒரு நிமிஷம்தான் அக்கா. போனை மட்டும் காட்டிப் பார்த்துட்டு வந்துடுறேன்."

"சின்னஞ்சிறுசுங்க படுக்கிற ரூம். அங்க போய் உங்களை நிக்க வெச்சா நாளைக்கு நான் எப்படி வெளியில தலை காட்டுவேன்? நீங்க ரொட்டியைப் பிச்சுக்குங்க."

ரொட்டியைப் பிய்த்தவர் பிறகு எழுந்திருக்க முடியாது. அவரும் குறை ஒன்றுமில்லை என்றே எழுதினார். இப்படியாக மூன்று நிபுணர்கள் ஆராய்ந்து, வியாதி இல்லை என்று ஒருமனதாகச் சொன்ன பிறகு, மிச்சமிருந்தது திருஷ்டி ஒன்றுதான்.

அதைக் கண்டுபிடித்தவள் சபோகத். "தெருவுல யாருகிட்டயும் இல்லாத நெட்டு. எத்தனை கண்ணு பட்டிருக்கும்? என் கண்ணே பட்டிருக்கும் அக்கா, நான் மறைக்கல" என்று மனசாரச் சொன்னாள். கொஞ்சம் இஸிரிக் செடி கொண்டு வந்தாள். பிறந்த குழந்தைக்கும் புது மாப்பிள்ளைக்கும் புகை போடுவது அதைத்தான். கிண்ணங்களில் கரி படியக் கூடாதே என்று இனோயத் பெட்டியை வெளியே எடுத்து, முற்றத்தைப் பார்த்த ஜன்னல் மேடையில் வைத்து, கதவுகளைத் திறந்துவிட்டு, மூன்று முறை சுற்றிப் புகை போட்டாள். வாசம் போகட்டும் என்று சாயங்காலம் வரை அங்கேயே விட்டாள்.

அன்று பின்கட்டில் நெட் வந்தது. உறையவில்லை, அறுபடவில்லை. ஹுல்கார் தன் அறையிலேயே உட்கார்ந்து ஒரு முழுப் பாடம் எடுத்தாள். இனோயத்தின் கண்ணில் நீர் வந்துவிட்டது. சபோகத்துக்கு ஒரு தட்டு சம்சா போனது. சாயங்காலம் பெட்டியைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் நெட் செத்துப்போயிற்று. திருஷ்டி கடுமையானது என்று புகையை இரண்டு பங்காக்கினாள், ஆனால் இந்த முறை பெட்டி இருந்த இடத்திலேயே இருக்க, கதவை மட்டும் திறந்து காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

எல்யோருக்கு அப்போதுதான் உறைத்தது. "அம்மா, புகை இல்ல. ஜன்னல்" என்றான். பெட்டிக்கு முதுகில் ஒரு நிலைக்கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு முழ மண்சுவர், அலை தெருப்பக்கமாகத்தான் போகிறது, தெருவில் போகிற கழுதை வண்டிக்காரனுக்கு நம் நெட் நன்றாக வரும் என்று விளக்கினான். நீள வயர் வாங்கி வந்து, முற்றத்து வராந்தாவில் வெங்காயச் சரத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துப் பெட்டியை மாட்டினான். வீடு முழுக்க நெட் வெள்ளமாய் ஓடியது. காபில் சமையலறையில் உட்கார்ந்து பழைய கால்பந்து ஆட்டம் பார்த்தார். ஹுல்கார் மாட்டிடம் விடைபெற்றாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம், அந்த அலமாரி. இரண்டு தேநீர்க் கெண்டிகளுக்கு நடுவில் காலி இடம், முன்பல் விழுந்த வாய் மாதிரி. விருந்தாளி வந்து சலாம் சொன்ன கையோடு வைஃபை கேட்கிற காலம் இது. கேட்டால் எதைக் காட்டுவது, வெங்காயத்தையா? அதனால் யாராவது வரும்போது இனோயத் பெட்டியை ஆணியிலிருந்து இறக்கி அலமாரிக்குக் கொண்டுபோவாள், அவர்கள் போனதும் திரும்ப மாட்டுவாள். கொஞ்ச நேரந்தானே என்பாள். அந்த வீட்டில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு விருந்தாளி வந்துகொண்டே இருந்தார். எல்யோர் கெஞ்சினான், கோபப்பட்டான். ஹுல்கார் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள்கள் சொல்வதில்லை.

ஒரே ஒரு முறை சொன்னாள். அவள் மாமியாரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல்முறை. "அம்மா, நாளைக்குக் காலைல என் வகுப்பை நஸோகத் அக்கா முழுசா உட்கார்ந்து பார்க்கப் போறாங்க. ஒரு தடவைகூட அறுபடாம வந்துச்சுன்னா நான் இங்கிருந்தே வேலை பார்த்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. நாங்க எங்கயும் போக வேண்டியதில்ல."

இனோயத் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். காலையில் தானே வராந்தாவைப் பெருக்கி, பெட்டிக்குத் தூசி தட்டி, யாரும் சத்தம் போடக் கூடாதென்று காபிலை வெளியே அனுப்பினாள். பின்கட்டு ஜன்னலில் காதை வைத்துக் கேட்டாள். மருமகளின் குரல் கொரிய மொழியில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. இவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் நெஞ்சு நிறைந்தது.

அப்போது வாசலில் கார் நின்றது. இரண்டாவது பெண்ணின் மாமியார். சம்பந்தியம்மா தனியாக வரவில்லை, இரண்டு தங்கைகளையும் கூட்டி வந்திருந்தாள். போன தடவை தன் வீட்டு நெட்டைப் பற்றி அரைமணி நேரம் அளந்தவள், உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதவள்.

இனோயத்தின் கால் ஒரு கணம் நின்றது. நின்றது என்பதை நான் மறைக்கவில்லை. வகுப்பு நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கை, அது வேறொரு பள்ளிக்கூடத்தில் படித்த கை. ஒரு நிமிஷ வேலை, இவ்வளவு வேகமான நெட் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடாதா என்று மனசு சொல்வதற்குள் அந்தக் கை பெட்டியை ஆணியிலிருந்து கழற்றி, வயரைச் சுருட்டி, அலமாரிக்குள் பின்னல் துணிமேல் வைத்துவிட்டது. பச்சை விளக்குகள் எரிந்தன. நெட் எழுந்துவிட்டது, உண்மைதான். யாருக்கு எழுந்தது என்பதுதான் கேள்வி.

சம்பந்தியம்மா தலை இடத்தில் உட்கார்ந்து, கடவுச்சொல் வாங்கி, கொரியாவில் இருக்கும் தன் மகனைப் படத்தில் கூப்பிட்டாள். அவன் மூக்கில் இருந்த மச்சம் வரை தெரிந்தது. "அடேயப்பா, உங்க வீட்டு நெட்டு பறக்குதே" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக இனோயத் எவ்வளவோ நாள் காத்திருந்தாள்.

அந்த நேரம் கதவு திறந்து ஹுல்கார் உள்ளே வந்தாள். கையில் தேநீர்த் தட்டு. தலையில் துணி சரியாகக் கட்டி, நெஞ்சில் கை வைத்து, எல்லாருக்கும் முறைப்படி குனிந்து சலாம் சொன்னாள். மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு வாய் ஊற்றி, வலது கையால் நீட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் இந்த நேரத்தில் இங்கே இருக்கக் கூடாது என்பது இனோயத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"வகுப்பு?" என்றாள் மெதுவாக.

"முடிஞ்சிருச்சும்மா."

சம்பந்தியம்மா மருமகளை மெச்சினாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் கிடைக்குமா என்றாள். இனோயத் தலையாட்டினாள்.

சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்யோர் ஆணியைப் பிடுங்கினான். வேலை மாறுவதற்கு எல்லாரும் சொல்கிற காரணங்களை அவனும் சொன்னான், யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் பின்கட்டு அறை காலியானது. காபில் பஸ் நிலையம் வரை போனார். இனோயத் வாசலில் நின்று கையசைத்தாள், உள்ளே வந்து, சபோகத்திடம் பிள்ளைகளுக்குத் தாஷ்கந்தில் எவ்வளவு பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னாள், பிறகு கழுவிய கிண்ணங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஈத் பெருநாளான ஹாயித்துக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். இனோயத் அடுக்கிலிருந்து புத்தம்புது விரிப்புகளை இறக்கினாள். தேன் வந்தது, உடையாத வாதுமை வந்தது. இருவரையும் தலை இடத்தில் உட்கார வைத்தாள். ஹுல்கார் சமையலறைக்கு எழுந்து ஓடப் பார்த்தாள். இனோயத் விடவில்லை, தூரத்திலிருந்து வந்திருக்கிறாய், உட்கார் என்றாள். படுக்கையும் அங்கேயே போட்டாள், பின்கட்டு அறை குளிர்ந்து கிடந்ததால். மறுநாள் காலை ஹுல்காருக்கு ஒரு வகுப்பு இருந்தது. தலை இடத்திலேயே மடிக்கணினியைத் திறந்து, முழுதாக எடுத்து முடித்தாள். ஒருமுறைகூட அறுபடவில்லை.

எல்யோர் போனை நோண்டிக்கொண்டே சிரித்தான். பழைய கோபமெல்லாம் அவனுக்குத் தீர்ந்திருந்தது. "என்னம்மா, நெட் இப்படிப் பறக்குது. நாங்க இருந்தப்போ ஒரு நாளாவது இப்படி வந்துச்சா?"

இனோயத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யோசிக்காமல், வழக்கமான உண்மையைச் சொல்வது போலச் சொன்னாள். "அப்போ நீங்க விருந்தாளி இல்லையேப்பா."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. எல்யோர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஹுல்கார் விரிப்பின் ஓரத்தை நீவினாள். காபில் மனைவியைப் பார்த்தார். இனோயத் தன் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரு வாய்தான் ஊற்றியிருந்தாள், தன் சொந்தப் பிள்ளைக்கு.

அவள் எழுந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். பெட்டியைப் பின்னல் துணியோடு சேர்த்துத் தூக்கி, வயர் பின்னால் இழுபட, முற்றத்தைக் கடந்து பின்கட்டுக்குப் போனாள். அந்த அறையில் விரிப்பு இல்லை, அடுப்பு மூட்டவில்லை, சுவரில் படம் மாட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. ஜன்னல் மேடையில் பெட்டியை வைத்துப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, முகத்தைத் தலைத்துணியில் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் விருந்தறையிலிருந்து எல்யோரின் குரல் முற்றத்தைத் தாண்டி வந்தது. "அம்மா, நெட் போயிடுச்சு."

"போகலப்பா. இங்கதான் இருக்கு" என்று இனோயத் உரக்கச் சொன்னாள். "உங்க ரூம்ல."